ஓர் ஆசிரியர், மூன்று வகுப்புகள்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் ரயில் பாதையில் நாசரேத் என்னும் நிலையம் இருக்கிறது. முற்காலத்தில் சாண்பத்து என்று வழங்கிய ஊர் இது. கிழக்கே திருச்செந்தூர்க் கடற்கரை. தெற்கே செந்நிறத் தேரி மணல். எத்திசை நோக்கினும் பனை. இவ்வூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களுக்குச் சென்றால், திருமண்டலத் தொடக்கப்பள்ளி என்றோ ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி என்றோ எழுதிய பலகைகளைக் காணலாம். சில பள்ளிகளில் ஒன்று முதல் ஐந்து வரை எல்லா வகுப்புகளையும் கூட்டினாலும் முப்பது, நாற்பது பிள்ளைகளுக்கு மேல் தேறமாட்டார்கள். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு பள்ளி இருக்கக்கூடும். நீங்களே அதில் படித்தவராகவும் இருக்கலாம்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு 2 ஆசிரியர்கள் வேண்டும். இதைத்தான் ஈராசிரியர் பள்ளி என்கிறோம். வகுப்புகளோ 5. ஆகவே ஓர் ஆசிரியர் முதல் மூன்று வகுப்புகளையும் மற்றவர் நான்கு, ஐந்தாம் வகுப்புகளையும் பார்த்துக்கொள்கிறார்கள்.

இப்போது ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு பாடவேளை 45 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வகுப்புகளுக்கும் ஆசிரியர் நேரத்தைச் சமமாகப் பங்கிட்டால் ஒரு வகுப்புக்குக் கிடைப்பது 15 நிமிடம். மீதி 30 நிமிடம் அந்த வகுப்புப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்?

‘ஒரே வாத்தியார் மூன்று வகுப்பைப் பார்க்கிறார், அங்கே என்ன படிப்பு வரும்?’ என்று சொல்லித்தான் பல பெற்றோர் பிள்ளைகளை வேனில் ஏற்றித் தொலைவிலுள்ள பள்ளிகளுக்கு அனுப்புகிறார்கள். பிள்ளைகள் குறையக் குறையச் சிறிய பள்ளியின் ஆயுளும் குறைகிறது. ஆகவே, அந்த 30 நிமிடக் கேள்விக்கு விடை காண்பது சிற்றூர்ப் பள்ளிக்கு வாழ்வா சாவா என்ற கேள்வியும் ஆகும். விடை உண்டா? உண்டு. அதன் ஒரு பகுதி நம் திண்ணைகளிலேயே பிறந்தது. அதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

திண்ணையும் மணலும்

இருநூறு ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டு ஊர்களில் இருந்தவை திண்ணைப் பள்ளிகள். 1820களில் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ எடுத்த கணக்கில் மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள் இருந்தன. பெரும்பாலும் ஒரு பள்ளிக்கு ஓர் ஆசிரியர்தான். வகுப்பு என்ற பிரிவே கிடையாது. ஐந்து வயதுப் பிள்ளையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் ஒரே திண்ணையில் அமர்ந்திருப்பார்கள்.

புதிதாகச் சேர்ந்த பிள்ளையின் முன்னால் மணல் பரப்பப்படும். ஆசிரியரோ மூத்த மாணவனோ அதில் ஓர் எழுத்தை எழுதிக் காட்டுவார். பிள்ளை அதன்மேல் விரலை ஓட்டும். பிறகு தானே எழுதும். எழுதும்போதே எழுத்தின் ஒலியை உரக்கச் சொல்லும். தவறினால் மணலைத் தடவிவிட்டு மீண்டும் எழுதும். எழுத்து கைவந்த பிறகே பனை ஓலையும் எழுத்தாணியும். அரிச்சுவடிக்குப் பின் எண்சுவடி. அதில் கால், அரை, முக்கால் மட்டுமல்ல, வீசம் என்னும் பதினாறில் ஒரு பங்கும், முந்திரி என்னும் முந்நூற்றிருபதில் ஒரு பங்கும் இருந்தன.

ஆசிரியர் ஒருவரைக் கவனிக்கும்போது மற்றவர்களைக் கவனிப்பது யார்? சட்டாம்பிள்ளை. முன்னரே கற்றுத் தேர்ந்த மாணவன் பின்னால் வருபவனுக்குச் சொல்லிக்கொடுப்பான்; ஒப்பிக்கச் சொல்லிக் கேட்பான். மேலே சொன்ன 30 நிமிடக் கேள்விக்குத் திண்ணைப் பள்ளி கண்ட விடை இதுவே.

எழும்பூரிலிருந்து இலண்டனுக்கு

இந்த முறையை அயலவர் ஒருவர் உற்று நோக்கினார். அவர் பெயர் ஆண்ட்ரு பெல். ஸ்காட்லாந்துக்காரர். 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளிக்குக் கண்காணிப்பாளர் ஆனார். ஒரு நாள் குதிரையில் சென்றபோது, பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். நம் பள்ளியிலும் இப்படிச் செய்யலாமே என்று தோன்றியது. அவரிடம் பணியாற்றிய ஆசிரியர்கள் அதற்கு இணங்கவில்லை. பெல் அவர்களை விட்டுவிட்டு, ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயது மாணவனை அழைத்துச் சிறியவர்களுக்குக் கற்பிக்கச் சொன்னார். முயற்சி வெற்றி பெற்றது. பிறகு பள்ளி முழுவதையும் அந்த முறைக்கே மாற்றினார்.

1797இல் அவர் இலண்டனில் வெளியிட்ட நூல் வழியாக இது ‘மதராஸ் முறை’ என்று பெயர் பெற்றது. ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் ஏறத்தாழ இதே முறையில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். ஆசிரியர்கள் கிடைக்காமல் திணறிய பிரிட்டனில் பல்லாயிரம் பிள்ளைகள் இந்த வழியில் எழுத்தறிந்தார்கள். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பெல்லின் பொருளுதவியால் 1833இல் திறக்கப்பட்ட பள்ளி இன்றும் மதராஸ் கல்லூரி என்ற பெயருடனேயே நடக்கிறது.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே கூடத்தில் உட்காரவைத்து, மணியடித்தால் எழுது, மணியடித்தால் நிறுத்து என்று நடத்தியபோது படிப்பு வெறும் மனப்பாடமாகச் சுருங்கியது. சட்டாம்பிள்ளைக்குத் தெரிந்ததற்கு மேல் எவருக்கும் எதுவும் தெரியவரவில்லை. 1846 முதல் பிரிட்டன் முறையாகப் பயிற்சி பெறும் மாணவ ஆசிரியர்களை நாடத் தொடங்கியது.

நம் திண்ணைப் பள்ளிக்கும் குறைகள் உண்டு. பிரம்படியும் கடுந்தண்டனையும் அங்கே சாதாரணம். பெண் பிள்ளைகள் மிக அரிது. பல சாதியாருக்கு அந்தத் திண்ணையில் இடமே இல்லை. நெல்லைச் சீமையில் அந்தக் கதவு திறந்ததில் 19ஆம் நூற்றாண்டில் பெருகிய மிஷன் பள்ளிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. நாசரேத்தில் பணியாற்றிய மர்காஷிஸ் பாதிரியார் 1878இல் கைத்தொழில் பள்ளி ஒன்றையும் தொடங்கினார். கையும் கற்கும் உறுப்பே என்பதை அன்றே ஏற்ற முயற்சி அது. ஆகவே, திண்ணையைத் திரும்பக் கொண்டுவரச் சொல்வது நம் நோக்கமன்று. அதில் எது பயன் தந்தது, ஏன் தந்தது என்று விஞ்ஞானத்திடம் கேட்போம்.

விஞ்ஞானம் சொல்வது என்ன?

முதலில் மணல். 2012இல் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் காரின் ஜேம்ஸும் அவருடைய துணையாளரும், இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகள் 15 பேரைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார்கள். சில எழுத்துகளைப் பிள்ளைகள் தம் கையால் எழுதினார்கள். சிலவற்றைப் புள்ளிக்கோட்டின் மேல் வரைந்தார்கள். சிலவற்றை விசைப்பலகையில் தட்டினார்கள். பிறகு அந்த எழுத்துகளைப் பார்க்கும்போது மூளையின் எந்தப் பகுதி இயங்குகிறது என்று காந்த அலைக் கருவியால் படம் பிடித்தார்கள். கையால் எழுதிய எழுத்துகளைப் பார்த்தபோதுதான், பிற்காலத்தில் படிப்பதற்குப் பயன்படும் மூளைப் பகுதிகள் நன்கு இயங்கின.

காரணம் என்ன? பிள்ளை தானே எழுதும் ‘அ’ ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக இருக்கும். ஒன்று சாயும், ஒன்று பெருக்கும், ஒன்றின் சுழி சிறுத்திருக்கும். இத்தனை வேற்றுமையிலும் எது மாறாமல் இருக்கிறதோ அதுவே ‘அ’ என்று மூளை பிடித்துக்கொள்கிறது என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. இது சிறிய ஆய்வுதான். ஆனாலும் ஒரு குறிப்புத் தருகிறது: ஆசிரியர் எழுதியதன்மேல் விரலை ஓட்டுவது தொடக்கம் மட்டுமே, மணலைத் தடவிவிட்டுத் தானே எழுதுவதில்தான் பயன் மிகுதி.

இரண்டாவது, ஒப்பித்தல். புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பது நல்லதா, மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து சொல்லிப் பார்ப்பது நல்லதா? 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு குழு ஒரு பகுதியை நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒரு முறை படித்து, மூன்று முறை நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நான்கு முறை படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழானது. படித்தவர்களுக்கு 40 விழுக்காடும் நினைவிலிருந்து எழுதியவர்களுக்கு 61 விழுக்காடும் நினைவில் இருந்தன. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நினைவிலிருந்து எடுத்துச் சொல்வதற்கு ஆசிரியர் பக்கத்திலேயே நிற்கவேண்டியதில்லை. கேட்பதற்கு ஒரு தோழன் போதும்.

மூன்றாவது, பிறருக்குச் சொல்லிக்கொடுத்தல். ‘கடன் வாங்கிக் கழித்தல்’ எப்படி என்று இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு விளக்க முயலும் நான்காம் வகுப்புப் பிள்ளை, தனக்கு எங்கே தெளிவில்லை என்பதை முதன்முதலாக உணர்கிறது. ‘ஏன்?’ என்று சிறியவன் கேட்கும் கேள்விக்கு விடை தேடும்போது அதன் அறிவே உறுதிப்படுகிறது. ஆக, சொல்லிக்கொடுப்பது தியாகம் அன்று, அதுவும் படிப்பே. ரஷ்ய உளவியலாளர் விகோட்ஸ்கி (1896-1934) இதன் மறுபக்கத்தைச் சொன்னார். ஒரு பிள்ளை தனியாகச் செய்ய முடிவதற்கும், தன்னைவிட அறிந்தவரின் துணையுடன் செய்ய முடிவதற்கும் இடையே ஓர் எல்லை இருக்கிறது. கற்றல் நிகழ்வது அந்த இடைவெளியில்தான். பல வயதுப் பிள்ளைகள் கூடியிருக்கும் சிறிய பள்ளியில் அப்படிப்பட்ட துணைக்குப் பஞ்சமே இல்லை.

ஏணிப்படிகள்

இந்த உண்மைகளை வைத்து நம் காலத்தில் பள்ளிகளை மாற்றியமைத்தவர்கள் உண்டு. தென் அமெரிக்காவின் கொலம்பியா நாட்டில் 1970களின் நடுவிலேயே, மலையூர்ப் பள்ளிகளுக்காக, பிள்ளைகள் தாமே படித்துச் செய்யும் வழிகாட்டி ஏடுகளைக் கொண்ட முறை உருவாயிற்று. நம் அருகே, ஆந்திரத்தின் மதனப்பள்ளி வட்டாரத்தில் ரிஷிவேலிக் கல்வி நிறுவனத்தார், சிற்றூர்களின் ஓராசிரியர் பள்ளிகளுக்காகப் பாடங்களைச் சிறு சிறு அட்டைகளாகப் பிரித்து ‘ஏணி’ முறையை அமைத்தார்கள்.

சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் அது 2003இல் தொடங்கியது. அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் அதற்கு ஊக்கம் தந்தார். 2007-08இல் ‘செயல்வழிக் கற்றல்’ என்ற பெயரில் தமிழ்நாடெங்கும் அரசு தொடக்கப்பள்ளிகளுக்கு வந்தது. பெஞ்சு போய்ப் பாய் வந்தது. கரும்பலகை பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்துக்கு இறங்கியது. பிள்ளைகளின் படைப்புகளைத் தொங்கவிட வகுப்பறைக்குள் கம்பிப் பந்தல் போடப்பட்டது.

அந்த ஏற்பாட்டின் நுட்பம் குழுக்களில் இருந்தது. வகுப்பில் ஆறு குழுக்கள்: ஆசிரியரின் முழு உதவி பெறுவோர், பகுதி உதவி பெறுவோர், சக மாணவரின் முழு உதவி பெறுவோர், பகுதி உதவி பெறுவோர், தானே கற்போர், மதிப்பீடு செய்துகொள்வோர். புதிய அட்டையை எடுத்த பிள்ளை முதல் குழுவில் அமரும். பழகப் பழக அடுத்த குழுக்களுக்கு நகரும். நாம் போட்ட கணக்குக்கு இங்கே விடை கிடைக்கிறதல்லவா? ஆசிரியர் மூன்று வகுப்புகளாக நேரத்தைப் பங்கிடவில்லை. யாருக்குத் தம் உதவி அந்த நேரத்தில் கட்டாயம் தேவையோ அவர்களோடு மட்டும் அமர்கிறார்.

இதற்கும் ஒரு நோய் உண்டு. அட்டையை முடிப்பதே குறியானால், பிள்ளை பொருள் புரியாமல் அடுத்த படிக்குத் தாவிவிடும். ஆசிரியர் பதிவேடு நிரப்புபவராகிவிடுவார். இலண்டனில் மணியடித்து நடத்திய கூடங்களுக்கு நேர்ந்த கதிதான் இது. கருவி எதுவானாலும், பிள்ளை எந்த நிலையில் நிற்கிறது என்று பார்க்கும் ஆசிரியரின் கண் அதன் பின்னால் இருந்தாகவேண்டும்.

கொரோனாத் தொற்றினால் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப்பள்ளிகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. ஒன்றாம் வகுப்பையே நேரில் காணாத பிள்ளைகள் இரண்டாம் வகுப்பில் வந்து அமர்ந்தார்கள். அதன் பின் 2022-23இல் முதல் மூன்று வகுப்புகளுக்கு ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. இதில் பிள்ளைகள் வகுப்பால் அல்ல, நிலையால் பிரிக்கப்படுகிறார்கள்: அரும்பு, மொட்டு, மலர். வயதுப்படி அல்லாமல் அறிந்த அளவுப்படி குழு சேர்த்துக் கற்பிப்பதன் பயனைப் பிரதம் என்ற தொண்டு நிறுவனத்துடன் சேர்ந்து ஆராய்ந்தவர்களில் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் உண்டு. ஏழ்மையைக் குறைக்கும் வழிகளைச் சோதனை முறையில் ஆராய்ந்ததற்காக 2019இல் நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர்கள் அவர்கள்.

பனையடியில் மூன்று பாடங்கள்

இவற்றுக்கெல்லாம் விலையுயர்ந்த கருவிகள் வேண்டுமா? வேண்டாம். நாசரேத் வட்டாரத்தில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே ஒரே செயலை மூன்று படிகளில் செய்யலாம். நீங்களும் உங்கள் வீட்டுப் பிள்ளைகளோடு செய்து பாருங்கள்.

ஈர்க்குக் கட்டு: பனை ஓலையின் ஈர்க்குகளைச் சம அளவில் நறுக்கிக்கொள்ளுங்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை பத்துப் பத்தாக எண்ணி நாரால் கட்டட்டும். இரண்டாம் வகுப்புப் பிள்ளை 2 கட்டும் 3 உதிரியும் எடுத்து ‘இருபத்து மூன்று’ என்று சொல்லட்டும். இரு பத்து, மூன்று: நாம் பேசும் சொல்லே கட்டையும் உதிரியையும் சொல்லிவிடுகிறது. தமிழ் எண்ணுப்பெயர்கள் பிள்ளைகளுக்குச் செய்யும் பேருதவி இது. தொண்ணூறு வரும்போது மட்டும் சொல் சற்று ஏமாற்றும். அங்கே ஈர்க்குக் கட்டு துணை நிற்கும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை 42இலிருந்து 17ஐக் கழிக்கட்டும். 2 உதிரியிலிருந்து 7ஐ எடுக்க முடியாது. என்ன செய்வது? ஒரு கட்டை அவிழ்க்கவேண்டும்! உதிரி 12 ஆயிற்று. கட்டு 3 ஆயிற்று. ‘கடன் வாங்குதல்’ என்ற புதிர் கையிலேயே அவிழ்ந்துவிடுகிறது.

நுங்கு வண்டி: இரண்டு நுங்குக் கூந்தல்களை ஒரு குச்சியில் கோத்து, கவட்டைக் கம்பால் தள்ளி ஓட்டாத பிள்ளை இங்கே உண்டா? சக்கரத்தின் விளிம்பில் ஓர் இடத்தில் சுண்ணாம்பு தடவுங்கள். சிறியவர்கள் பத்துச் சுற்று எண்ணட்டும். நடு வகுப்பினர் அந்தத் தூரத்தைக் கயிற்றால் அளந்து பத்தால் வகுக்கட்டும். ஐந்தாம் வகுப்பினர் சக்கரத்தின் விட்டத்தை அளந்து, ஒரு சுற்றின் தூரத்தில் அது எத்தனை மடங்கு அடங்கும் என்று பார்க்கட்டும். மூன்றுக்குச் சற்று மேல் வரும். வண்டியை மாற்றிப் பெரிய சக்கரம் பூட்டினாலும் மூன்றுக்குச் சற்று மேல்தான் வரும். நுங்கு சரியான வட்டம் அல்லாததால் சிறு வேறுபாடு இருக்கும். ஏன் என்று அவர்களையே கேளுங்கள்.

நிழல் குச்சி: வெட்டவெளியில் ஒரு குச்சியை நேர் செங்குத்தாக நடுங்கள். சிறியவர்கள் நிழலின் நுனியில் கல் வைக்கட்டும். மற்றவர்கள் அரைமணிக்கு ஒருமுறை நீளத்தை அளந்து எழுதட்டும். மூத்தவர்கள் வரைபடம் போடட்டும். நிழல் மிகக் குறுகும் நேரம் கடிகாரத்தில் பன்னிரண்டு அன்று என்பது தெரியவரும். நம் கடிகாரம் கிழக்கே 82½ பாகைத் தீர்க்கக்கோட்டின் நேரத்தைக் காட்டுகிறது. நாசரேத் இருப்பதோ ஏறத்தாழ 78 பாகையில். பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆவதால், இங்கே உச்சிப்பொழுது சராசரியாக 12 மணி 18 நிமிடத்தை ஒட்டி வரும். நாசரேத் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 8½ பாகையில் உள்ளது. அதனால் ஏப்ரல் 12, ஆகஸ்டு 31 ஆகிய நாள்களை ஒட்டி, உச்சிப்பொழுதில் குச்சியின் நிழல் காலடியிலேயே மறைந்துவிடும். வட இந்தியாவில் டில்லியில் இந்தக் காட்சியை ஒருநாளும் காண முடியாது!

இந்த மூன்று செயல்களிலும் ஆசிரியர் எங்கே இருக்கிறார்? எல்லா நேரமும் முன்னால் நின்று பேசவில்லை. ஆனால் எதைச் செய்வது என்று திட்டமிட்டவர் அவர். யாருக்கு எந்தப் படி என்று தீர்மானித்தவர் அவர். யாருடைய கட்டில் ஒன்பது ஈர்க்கு இருக்கிறது என்று கண்டுபிடிப்பவரும் அவரே. சட்டாம்பிள்ளை வேலை ஒரே பிள்ளையிடம் நிலைத்துவிடாமல் முறைவைத்து மாற்றுவதும், மூத்த பிள்ளை தவறாகச் சொல்லிக்கொடுத்தால் திருத்துவதும், அந்தப் பிள்ளைக்கும் தன் பாடத்துக்கு நேரம் ஒதுக்குவதும் அவர் பொறுப்பே. இதற்குப் பயிற்சி வேண்டும். தயாரிப்புக்கு நேரம் வேண்டும். இரண்டு ஆசிரியர்களில் ஒருவர் வேறு பணிக்கு அழைக்கப்பட்டால் எந்த முறையும் நிற்காது. சிறிய பள்ளிக்கு நாம் கேட்டுப் பெறவேண்டியது இதுதான்.

பல வயதுப் பிள்ளைகள் ஒன்றாக இருப்பது அந்தப் பள்ளியின் குறை அன்று; பயன்படுத்தத் தெரிந்தால் அதுவே அதன் செல்வம். அடுத்த முறை உங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளிக்குச் சென்றால், ‘எத்தனை வகுப்புக்கு எத்தனை வாத்தியார்?’ என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். ஆசிரியர் பக்கத்தில் இல்லாத நேரத்தில் பிள்ளைகளின் கை என்ன செய்கிறது, வாய் யாருக்கு எதை விளக்குகிறது என்று சற்று நின்று பாருங்கள். அந்தப் பள்ளியில் படிப்பு நடக்கிறதா இல்லையா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.